மாதம் தவறாமல் ஓர் உயிர்!

போன் அலறியது.

பல் டாக்டரின் ஒரு கையில் இடுக்கி. இன்னொரு கை, நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த பெரியவரின் தாடையில். மரத்துப்போன ஈறு, வாய் நிறையப் பஞ்சு... கடைவாய்ப் பல் அப்போதுதான் அசைந்து கொடுத்திருந்தது.

"ஸ்பீக்கர்ல போடும்மா!" என்றார் ரிசப்ஷன் பெண்ணிடம்.

போட்டாள்.

"டாக்டர் சாரா?" தணிந்த ஆண் குரல். "ஒரு குழந்தையோட உயிர் உங்க கையில இருக்கு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். மறுபடியுமா!

விஷயம் இதுதான். டாக்டரும் அவர் மனைவியும் வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டி, மூன்று தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மூன்றுக்கும் மாதம் தவறாமல் பணம் போய்விடும். நல்ல மனசுதான். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தவரின் நம்பர் மற்ற எல்லாருக்கும் எப்படித்தான் போகுமோ... போன் ஓய்வதே இல்லை. தொல்லை தாங்காமல் மனைவி ஒரு சட்டம் போட்டாள்.

"போன்ல அழ வெச்சுக் கேக்கறவங்களுக்குக் கிடையாது. எடுத்தோமா, முடியாதுன்னோமா, ப்ளாக் பண்ணினோமான்னு இருக்கணும்!"

மனைவி போட்ட சட்டத்தை மீறிப் பழக்கமில்லாதவர் டாக்டர்.

"எந்தக் குழந்தைப்பா?"

"சின்னப் பொண்ணு சார். அம்மா வேணும்னு அழுதுக்கிட்டே இருக்கு. நீங்க மனசு வெச்சாத்தான் வீடு போய்ச் சேரும்."

"பாவம். ஆனா இந்த வருஷம் நாங்க தேர்ந்தெடுத்து முடிச்சாச்சு."

"தேர்ந்தெடுத்தா...?"

"குழந்தைங்களுக்கு ஒண்ணு, கண் ஆபரேஷனுக்கு ஒண்ணு, தெருநாய்க்கு ஒண்ணு. மாசா மாசம் பணம் போறது இந்த மூணுக்குத்தான். உங்களுக்கு இடமில்லை."

மறுமுனை திணறியது.

"யோவ்! நான் சொல்றது காதுல விழுதா? பணம் வரலேன்னா குழந்தையை உயிரோட பார்க்க முடியாது!"

நாற்காலிப் பெரியவரின் கண்கள் விரிந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது!

"ஆ... ஆவ்... ஆங்!"

"அசையாதீங்க சார், வேர் உடைஞ்சுடும்!" டாக்டர் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக் கத்தினார். "இப்படி மிரட்டிக் கேக்கறவங்களுக்குப் பத்து பைசா கிடையாது! முறையா பதிவு பண்ணின அமைப்பா நீங்க? ரசீது தருவீங்களா?"

"ர... ரசீதா?"

"இல்லேல்ல? அடுத்த வருஷம் பாப்போம். ப்ளாக் பண்ணும்மா!"

ரிசப்ஷன் பெண் ப்ளாக் செய்தாள். பல் வெளியே வந்தது. பஞ்சைத் துப்பிய பெரியவர் குழறினார்.

"டா... டாக்டர்... அவன் நன்கொடை கேக்கலை... யாரையோ கடத்தி வெச்சிருக்கான்!"

"என்ன சார் உளர்றீங்க?"

போன் திரும்பவும் அலறியது. இந்த முறை மனைவி.

"ஏங்க... சிட்டு உங்ககூடத்தானே இருக்கா? ஸ்கூல் வேன்ல வரலை. அப்பா கூட்டிட்டு வரச் சொன்னார்னு யாரோ வந்து அழைச்சிட்டுப் போனாங்களாமே! சொல்லுங்க! ஏங்க... ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

இடுக்கி தரையில் விழுந்தது.

* * *

டாக்டர் வீட்டு ஹால். சோபா நுனியில் டாக்டர். சுவரோரமாக மனைவி. நடுவில் பெண் இன்ஸ்பெக்டர்.

"ப்ளாக்கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மேடம். போட்டுப் பார்த்தா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"திருட்டு சிம்மா இருக்கும். அவனா கூப்பிட்டாத்தான் உண்டு. கடைசியா அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த வருஷம் பாப்போம்னு..."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "என் சர்வீஸ்ல கடத்தினவனுக்கே வாய்தா கொடுத்த அப்பாவை இப்பத்தான் பார்க்கறேன்."

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். "என்னாலதான். நான் போட்ட சட்டம்தானே... என் பொண்ணை நானே வேணாம்னு சொல்லிட்டேன்."

போன் அலறியது!

டாக்டர் பாய்ந்தார். "ஹலோ! எவ்வளவு வேணும்? சொல்லு, எது வேணாலும் தர்றேன்!"

மறுமுனையில் ஒரு பெண் குரல் பூரித்துப் போனது. "ரொம்ப சந்தோஷம் சார்! முதியோர் இல்லத்துல இருந்து பேசறேன்..."

"அம்மா, தாயே, லைனை விடும்மா! என் பொண்ணைக் காணோம்!" டாக்டர் அழுதே விட்டார்.

"இப்படி அழுது தட்டிக்கழிக்கிறவங்களை நாங்க நிறையப் பார்த்துட்டோம் சார்." வைத்துவிட்டாள்.

மறுபடி போன். மரம் நடுகிறவர்கள்.

மறுபடி போன். காது கேளாதோர் பள்ளி.

ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் உயிர் போய் உயிர் வந்தது. எடுக்காமல் இருக்கவும் வழியில்லை. அவனாக இருந்தால்? ஊரில் யாருக்கு வலித்தாலும் பிடுங்கி எறிந்த கைகள், இப்போது போனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. வேறு எதுவும் செய்வதற்கில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

காலிங் பெல்!

மனைவி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் சிட்டு! யூனிஃபார்மில் ஐஸ்கிரீம் கறை.

"அம்மா, ஒரு மாமா தெருமுனையில இறக்கி விட்டுட்டுப் போயிட்டார்!"

மனைவி மகளை அள்ளி அணைத்தாள். டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சானாடா? மிரட்டினானா?"

"இல்லப்பா. உங்க மேலதான் கோவமா இருந்தார். போனைத் தூக்கிப் போட்டு உடைச்சார். அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் சிரிச்சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "கத்துக்குட்டிப் பய. நீங்க பேசின பேச்சுல ஆடிப்போய் விட்டுட்டான். எப்படியும் தேடிப் பிடிச்சுடுவோம், கவலைப்படாதீங்க."

ஜீப் கிளம்பியது. தெருமுனையில் திரும்பியது.

போன் அலறியது.

"ஜீப் போயிடுச்சு. இப்பப் பேசலாமா டாக்டர்?"

அதே தணிந்த குரல்! டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டார்; மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"டேய்... நீ..."

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரே தடவையில பெரிய தொகையா அடிச்சிடலாம்னு இருந்தேன் சார். அதுல எவ்வளவு ஆபத்து! நீங்கதான் என் கண்ணைத் திறந்தீங்க. மாசா மாசம்! உங்க கையையும் கடிக்காது, எனக்கும் நிரந்தர வருமானம். நாய்க்குக் கொடுக்கறீங்களே, அதைக் கொடுத்தாலே போதும்."

"கொடுக்கலேன்னா?"

"உங்க விருப்பம் சார். எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். ஸ்கூல் எனக்குத் தெரியும். வேன் தெரியும். சிட்டுவுக்கும் இப்ப என்னைத் தெரியும்... கூப்பிட்டா வருவா."

"போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க. உங்க வாசல்ல எத்தனை நாளைக்கு ஜீப் நிக்கும்? நான் அவசரப்படற ஆள் இல்ல."

துண்டித்தான்.

டாக்டரின் விரல் போனில் இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தேடியது. பாதியில் நின்றது. உள்ளே சிட்டு பாடிக்கொண்டே முகம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றால் தாங்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

"எதை நிறுத்தலாம்?" என்றாள் மனைவி.

"என்ன பேசற நீ?"

"நாயை நிறுத்திடுங்க."

"அது வாயில்லா ஜீவன்மா..."

"தெரியும். எனக்கு வேற வழி தெரியலை."

டாக்டர் வெடித்தார். "அவன் ஒரு அயோக்கியன்! கொடுக்கற காசு என்ன ஆகும், எங்க போகும்னு தெரியாம எப்படிக் கொடுக்கறது?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்த எல்லாருக்கும் நம்பித்தாங்க கொடுக்கறோம். இவன் ஒருத்தனுக்குக் கொடுத்தாத்தான் காசு ஒழுங்கா வேலை செய்யுதான்னு தினம் சாயங்காலம் ஸ்கூல் வேன் வந்ததும் தெரிஞ்சுடும்!"