கடல் பக்கம் சாய்ந்த சொட்டு

சவேனி திருப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மோகினியின் தோளில் கரும்புச் சாம்பல் வந்து விழுந்தது. எங்கோ வயலுக்குத் தீ வைத்திருந்தார்கள். பட்டப்பகல்தான். ஆனாலும் புகைக்குள் சூரியன் பழுத்து, மங்கி, யாரோ கண் திறக்க முடியாமல் பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் வந்தது ஜீப்பை எடுத்துப் போக.

அது அவள் கணவன் ஷைலேந்திராவின் ஜீப். அவர்கள் வீடிருந்த ட்ராசாவில், வேறு எந்த வண்டியும் ஏறாத மேட்டுச் சேற்றில் நாலு சக்கரமும் கவ்வி ஏறும். போன மே மாதம், தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்த வாரம், அவனும் அவன் அண்ணன் ஜிதேந்திராவும் அதில்தான் வெளியே போனார்கள். அண்ணன் மட்டும் வண்டியோடு திரும்பினார். மலைச்சாலையில் ஒரு கும்பல் மறித்துத் தம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். போலீஸும் உறவுக்காரர்களும் மலையைச் சலித்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

இப்போது ஜிதேந்திரா ஆக்லாந்துக்குக் குடிபெயர்கிறார். மனைவி மக்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். அவர் வீட்டுக் கூடம் முழுக்கக் கட்டிய பெட்டிகள். ஜீப்பை விற்கப் பார்த்தார் என்பதை மோகினி சந்தையில் மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

"என்னைக் கேக்காம எப்படி மாமா விக்கப் பாத்தீங்க?"

"எவன் வாங்கறான்? வர்றவனெல்லாம் அடியில குனிஞ்சு பாத்துட்டுப் போயிடறான். எதுவோ ஒழுவுது. மெக்கானிக்குக்கும் புரியல. நீயே எடுத்துட்டுப் போ, அச்சா?"

பேசும்போது அவர் ஜீப் நின்ற கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை.

கொட்டகைக்குள் பெட்ரோல் வாசனை வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு. கடல் வற்றியபின் கறுப்புச் சேற்றிலிருந்து எழும் அழுகிய வாடை.

ஜீப்பின் கீழே தரை நனைந்திருந்தது.

ஷைலேந்திரா அடியில் படுத்து வேலை செய்த காலமெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். விரலால் தொட்டுப் பார்த்தாள். என்ஜின் ஆயில் கறுப்பு. இது கறுப்பு இல்லை. பிரேக் ஆயில் வழுக்கும், இது வழுக்கவில்லை. ரேடியேட்டரைத் திறந்தாள். தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் வண்டியின் வயிற்றை முழுக்கத் துடைத்தாள். ஓர் அட்டையை விரித்து அதன்மேல் கோதுமை மாவைத் தூவி அடியில் தள்ளினாள். பிறகு தானும் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு பின்சீட்டுக்குக் கீழே, குழாயோ டாங்கியோ இல்லாத வெறும் தகட்டில், வியர்வைபோல ஈரம் அரும்பியது. திரண்டது. விழுந்தது.

நேராக விழவில்லை.

பாதி வழியில் சாய்ந்து, அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. காற்று இல்லை. அட்டையைத் திருப்பி வைத்தாள். சொட்டு திரும்பவில்லை. வெளியே வந்து ஜீப்பைக் கிளப்பி, முற்றத்தில் முகம் மாற்றி நிறுத்தினாள். மறுபடி அடியில் புகுந்தாள்.

ஒவ்வொரு சொட்டும் மேற்கே சாய்ந்தது. கடல் பக்கம்.

விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மாவு ஒட்டிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஜிதேந்திரா ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"அந்தப் பக்கம் போவாத மோகினி."

"எந்தப் பக்கம்னு நான் சொல்லவே இல்லியே."

மோகினி பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஏறுங்க."

ஏறினார். ஏன் ஏறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கரும்பு லாரிகள் போகும் பாதையைக் கடந்து, கடற்கரை மண்சாலையில் ஜீப் இறங்கியதும் அடியில் சொட்டும் சத்தம் உரத்தது. பிறகு ஒழுகும் சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். காய்ந்த புழுதியில் அவர்களுக்குப் பின்னால் ஓர் ஈரக் கோடு நீண்டு வந்துகொண்டிருந்தது.

சாலை அலையாத்தி மரங்களில் போய் முட்டி நின்றது. அங்கே வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் குடம் உடைந்ததுபோல் கொட்டியது.

பிறகு, சட்டென்று, நின்றது.

என்ஜினை அணைத்தாள். கடல் வற்றிக் கிடந்தது. சேற்றில் நண்டுகள்கூட அசையவில்லை.

"மலைன்னு சொன்னீங்க."

ஜிதேந்திரா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிய மறிச்சு அடிச்சுட்டானுங்க. வண்டிய ரோட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் இதுக்குள்ள ஓடி வந்தோம். வேருல விழுந்து அவனுக்குக் காலு ஒடஞ்சிடுச்சு. தூக்க முடியல. ஆளுங்களோட வரேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"வந்தீங்களா?"

ஜிதேந்திரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன் மலைன்னு சொன்னீங்க?"

"கேஸுன்னு ஆனா போலீஸ் நம்மளை வெளிய விடாது. விசா வந்திருந்துச்சு..."

"தண்ணி ஏறும்போது கூப்பிட்டாரா?"

அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்க!"

"ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

மோகினி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மரத்தின் வேர்களுக்கு நடுவே அவன் இருந்தான், மிச்சமிருந்த அவன். கடல் இழுத்துக்கொண்டு போகாதிருக்கத் தன் பெல்ட்டால் மணிக்கட்டை வேரோடு கட்டியிருந்தான். அண்ணன் வருவார் என்று, கடைசி வரை, இடத்தை விட்டு நகராமல் காத்திருந்திருக்கிறான்.

அவள் அழவில்லை. ஜீப்புக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்திருந்தவரின் கன்னத்தில், கணவனின் மூத்தவர் என்றும் பார்க்காமல், கை வலிக்கும் வரை அறைந்தாள்.

போலீஸ் வந்தது. ஜிதேந்திரா தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்றார். இருட்டு, பயம், இடம் குழம்பிவிட்டது என்றார். துப்பாக்கி பிடித்தவர்களையே யாரும் கேட்காத நாட்கள் அவை. ஓடிப்போனவரை யார் கேட்பது? "போனவரு போயிட்டாரு, நீங்க ஏன் மனசைக் கெடுத்துக்கறீங்க" என்று இன்ஸ்பெக்டர் ஹிந்தியில் சொன்னார். ஷைலேந்திராவை எரித்த அன்று அண்ணன் கொள்ளி வைக்க முன்வந்தார். மோகினி அவரைத் தள்ளிவிட்டுத் தானே வைத்தாள்.

ஜீப் ட்ராசாவுக்கு வந்தது. அதன்பின் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஜிதேந்திரா விமானம் ஏற வேண்டிய நாள். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கடைக்குப் போக மோகினி ஜீப் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால் கிளட்சுக்கு எட்டவில்லை.

சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கடைசி வரை. ஷைலேந்திராவின் நீண்ட கால்களுக்கு வேண்டிய அளவு.

வேறு யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை. இறங்கி, நிழலில் நின்ற வண்டியின் பானெட்டில் கை வைத்தாள். சுட்டது.

நேற்று வீட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தாள். இப்போது அதன் முகம் சாலையைப் பார்த்து இருந்தது. நாந்தி விமான நிலையத்துக்குப் போகும் சாலை.

மோகினி மறுபடி கதவைத் திறந்தாள். சீட்டை முன்னால் இழுக்கக் கை போனது. இழுக்கவில்லை. சாவியை அதன் துளையில் செருகினாள். நடந்துபோய் கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள், திரும்பாமல்.

அவள் முதுகுக்குப் பின்னால் டிரைவர் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.