பதினேழாம் எண்ணின் முழு மதிப்பெண்

காலை பத்தே காலுக்கு அந்த அறைக் கதவு திறந்தது. தலைமையாசிரியை சாவியை இரண்டு முறை திருகி, தோளால் ஓர் இடி இடித்த பிறகுதான் வழிவிட்டது. உள்ளே சுவரோரம் அட்டைப்பெட்டிகள். விரல் பட்டால் கோடு விழும் அளவுக்குத் தூசி. ஒட்டிய டேப் ஒன்றுகூடப் பிரியவில்லை.

ஆய்வு மாணவி ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். டேப்லெட்டுகள் பத்திரமாக உள்ளேயே இருந்தன. சிக்கலே அதுதான்.

களவு போயிருந்தால் புகார் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவளுடைய மடிக்கணினி சொன்ன கதை வேறு. இந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டாக இந்த டேப்லெட்டுகளில்தான் தினமும் பாடம் படித்து, விடை சொல்லி, மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். நேற்றுகூட.

"நேத்து யாராவது இந்த ரூமைத் திறந்தாங்களா?"

"சாவி என் கைப்பையில. கைப்பை என் தோள்ல."

"போன மாசம் போன்ல கேட்டப்ப, பசங்க நல்லா பயன்படுத்துறாங்கன்னு சொன்னீங்களே டீச்சர்?"

காலையில் வாயிற்காவலர், "ஆய்வாளர் வந்திருக்காங்க" என்று ஓடிவந்து சொன்னபோது, போலீஸ்தான் வந்துவிட்டது என்று பாதி டீயோடு எழுந்தவர் தலைமையாசிரியை. கல்வி ஆய்வு செய்யும் மாணவி என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. இப்போது அவர் பயப்படவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"ஆமா, பொய்தான் சொன்னேன். ஒண்ணு உடைஞ்சாலும் நீங்கதான் பொறுப்புன்னு மேலிடத்துல மிரட்டிட்டுப் போனாங்க. பூட்டி வெச்சேன். பயன்படுத்தலைன்னு சொன்னா அதுக்கும் ஒரு திட்டு. ஆனா பூட்டினதோட என் வேலை முடிஞ்சுது. பெட்டிக்குள்ள உட்கார்ந்து படிச்சது நான் இல்லை."

அதை அவள் உடனே நம்பவுமில்லை, தள்ளவுமில்லை. இணையப் பாடம் பிள்ளைகளின் படிப்பை உயர்த்துகிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. வினாத்தாள் அனுப்பிக் காகிதத்தில் ஒரு தேர்வு வைத்துப் பார்த்தாள். டேப்லெட் பெற்ற இந்தப் பள்ளிக்கும் பெறாத பள்ளிகளுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. இவ்வளவு படித்தும் ஏன் ஏறவில்லை என்று பார்க்கத்தான் கிளம்பி வந்தாள்.

அந்தப் பாடங்களை எந்தக் கணினியிலிருந்தும் திறக்கலாம். மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் போதும். கடவுச்சொற்கள் மூன்று பேரிடம் இருந்தன: தலைமையாசிரியை, மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சியாளர், அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர். அவளிடமே இல்லை. எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற விவரத்தைச் சேமிப்பதில்லை என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது.

பதினொன்றரைக்குப் பேராசிரியர் அழைத்தார்.

"எங்க இருக்கே? நாளைக்குக் கல்விக் குழு கூட்டம். எல்லாப் பள்ளிக்கும் டேப்லெட் குடுக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

"பள்ளிக்கூடத்துல சார்."

"அங்க என்ன இருக்கு? எண்கள் இருக்கே, அது போதாதா? பதினேழாம் எண்ணைப் பாரு. முதல் மாசத்துல இருந்து எல்லாப் பாடத்துலயும் நூத்துக்கு நூறு. அதை முதல் படமா போட்டுடலாம்."

அவள் தலைமையாசிரியையிடம் திரும்பினாள். "பதினேழாம் எண் யாரு டீச்சர்?"

வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். கதவுச் சட்டத்தை விரலால் தொட்டுவிட்டு, தடுமாறாமல் நேரே மேசைவரை நடந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"கூப்பிட்டீங்களாமே மிஸ்?"

"அறிவியல்ல நீ நூத்துக்கு நூறு வாங்கியிருக்கேம்மா. படத்தைப் பார்த்து நிறம் சொல்ற பாடம். எந்த இலை பச்சை, எது மஞ்சள்னு," என்றாள் ஆய்வு மாணவி.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தலைமையாசிரியைக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் அடங்கியது. ஏனென்றால் அந்தப் பெண் சட்டென்று நிறுத்தியிருந்தாள்.

"நான் கேட்டுப் படிக்கிற மாதிரி பாடம் வேணும்னுதானே மிஸ் கேட்டேன்? என் பேர்ல வேற யாரோ படிச்சு பாஸ் பண்ணிட்டா, நான் எப்ப படிக்கிறது?"

ஆய்வு மாணவி பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். அங்கே தொடக்க விழாப் புகைப்படம். பயிற்சியாளர் குனிந்து, அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துத் தன் கைபேசித் திரையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் பயிற்சியாளரைப் போனில் பிடித்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கா சார்?"

"ஏன் இல்லை? கண்ணு தெரியாத ஒரு பொண்ணு என்னைக் கேள்வி கேட்டே உண்டு இல்லைன்னு ஆக்கிடுச்சு. ஒலிப் பாடம் போடுங்கன்னு எங்க ஆபீஸ்ல சொன்னேன், யாரும் காதுல வாங்கலை."

"அவ எண் தெரியுமா?"

"பதினேழு. நானே பதிஞ்சு குடுத்தேன்."

அவள் போனை வைத்தாள். விடை கையில் இருந்தது. அது வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் மூன்று மணி, கல்விக் குழுக் கூட்டம். நீளமான மேசை. குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியரின் முதல் படமே பதினேழாம் எண்தான்.

"ஓராண்டில் இணையம் செய்த அற்புதம் இது," என்றார் பேராசிரியர்.

அவள் எழுந்தாள். "அந்த மாணவி யாருன்னு தெரியுமா சார்?"

"பெயர் தெரியக் கூடாது. அதுதான் ஆய்வு முறை. உட்காரும்மா."

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"அவசியம் இல்லை."

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார்."

துடைத்த கண்ணாடியைத் தலைவி மாட்டிக்கொண்டார். "விளக்கமா சொல்லுங்க."

"டேப்லெட் பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லை மேடம். வெளியே இருந்து யாரோ பிள்ளைங்க பேர்ல விடை போட்டிருக்காங்க. கடவுச்சொல் வெச்சிருந்தது மூணு பேர். தலைமையாசிரியை தினமும் அந்தப் பொண்ணைப் பார்க்கறவங்க. பயிற்சியாளர் அவ விரலைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்தவர். பொய்யா விடை போடணும்னா அவங்க ரெண்டு பேரும் முதல்ல தவிர்க்கிற எண் பதினேழுதான். அவளுக்கு நிறப் பாடத்துல நூறு போட்டவர், அவளைக் கண்ணால பார்க்காதவரா இருக்கணும். பிள்ளைங்களை எண்ணா மட்டுமே தெரிஞ்சவர் ஒருத்தர்தான்." அவள் பேராசிரியரை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் சார்."

பேராசிரியர் மறுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நிரப்பினேன்! இடைவெளியை நிரப்பினேன். அதுல என்ன தப்பு? இணையம் வகுப்பறையை மாத்தும்னு இருபது வருஷமா சொல்றேன். ஒரு தலைமையாசிரியை பூட்டி வெச்சா அது பொய்யாகிடுமா? பயன்படுத்தியிருந்தா இந்த மதிப்பெண்தான் வந்திருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அவள் பக்கம் திரும்பினார். "உன் பட்டத்துக்கு என் கையெழுத்து வேணும். மறந்துடாதே."

"வேண்டாம் சார். அந்தக் கையெழுத்து இனிமே எதுலயும் வேண்டாம்."

தலைவி பேனாவை மூடினார். "அப்போ உங்க ஆய்வோட முடிவு என்ன? டேப்லெட் உதவுமா, உதவாதா?"

"தெரியாது மேடம். இன்னும் ஒரு பிள்ளைகூட அதைத் தொடலை. தொட விட்டுட்டு வந்து சொல்றேன்."

முடிவு தள்ளிவைக்கப்பட்டது. பேராசிரியர் மேல் விசாரணை தொடங்கியது. வேறொரு வழிகாட்டியின் கீழ் அவள் முதலிலிருந்து பதிவு செய்தாள். உழைப்பெல்லாம் பாழாய்ப் போச்சே என்று அம்மா புலம்பியபோது, "போனது பொய்தாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் தலைமையாசிரியை போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"எல்லாப் பெட்டியையும் பிரிச்சுட்டேன். அதுங்க பேசுற மாதிரியும் பண்ணியாச்சு. பயிற்சியாளர் தன் ஆபீஸ்ல சண்டை போட்டு ஒலிப் பாடத்தைக் கொண்டுவந்து போட்டார். அப்புறம், முதல் நாளே ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு. எழுதிக்கோங்க."

"மேலிடத்துல கேட்டா?"

"கேட்கட்டும். உடைச்சது எங்க பசங்கதான்னு நானே சொல்லுவேன்."