பின் கார்புரேட்டரின் மூச்சு

கார்புரேட்டர் காற்றை உள்ளே இழுக்கும். வெளியே விடாது. அதனால்தான், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி மறுமுனையைப் பின் கார்புரேட்டரின் வாயருகே பிடித்திருந்தவனுக்கு, காதுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஊதியதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. இன்னும் ஒரு கோளாறு.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சை நிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. அவனைவிட வயதில் மூத்தது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டீர்கள் என்று வாங்கிய அன்றே மனைவி சொல்லிவிட்டாள். இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றித் துலக்கி, புதுத் தண்டு, புது ஊசி, பெட்ரோல் பீச்ச பழையதைவிடப் பெரிய ஜெட் என்று எல்லாம் மாற்றியாயிற்று. மிச்சம் ஒன்றுதான்: இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் வழியே இரண்டின் சீறலையும் மாறி மாறிக் கேட்டு, அதனதன் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒன்றாக்க வேண்டும். முன்னது சொன்ன பேச்சைக் கேட்டது. பின்னது நாய் வால்தான், நிமிர்த்த நிமிர்த்தச் சுருண்டது.

போதாக்குறைக்கு இருமல். கார் நிற்கும் ஷெட்டுக்கு நேர்மேலே படுக்கையறை. நுரையீரலில் சளி கட்டி மனைவி மூன்று வாரமாக அங்கே கிடந்தாள். ஆபத்து தாண்டிவிட்டது, மூச்சு இனித் தானாகத் தெளியும் என்று டாக்டர் சொன்னபோது இவன் அவர் எதிரிலேயே அழுதுவிட்டான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருந்தும், சீறலை உற்றுக் கேட்கும் நேரம் பார்த்து அவள் இருமுவதும் இவன் பல்லைக் கடிப்பதுமாகவே மதியம் கழிந்தது. கடைசியில் பொறுமை போய்விட்டது.

"கொஞ்ச நேரம் இருமாம இரேன்" என்று மேலே பார்த்துக் கத்தினான். கத்திய வேகத்தில் பின் திருகை முறுக்கினான். எத்தனை சுற்று என்று எண்ணாமல் திருகைத் தொடக்கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அவன் எண்ணவில்லை.

இருமல் நின்றது. அப்போதுதான் குழாய் ஊதியது.

எஞ்சினை அணைத்தான். வெளியே மழை கட்டியிருந்ததால் ஷெட்டுக்குள் மங்கலாக இருந்தது. சூடான இரும்பு சின்னச் சின்னச் சத்தத்தோடு ஆறிக்கொண்டிருக்க, எஞ்சின் நின்ற பிறகும் குழாய்க்குள் காற்று போவதும் வருவதுமாக இருந்தது, ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் ஒரு மெல்லிய விசிலோடு, மூன்று வாரமாகப் பக்கத்தில் படுத்து அவன் தூங்காமல் கேட்ட அதே விசிலோடு. முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் வாடை இல்லை. இருமல் மருந்து வாடை.

பயந்து மாடிக்கு ஓடினான். அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். மார்பு அசையவில்லை. மூக்கடியில் விரல் வைத்தான், காற்று இல்லை. ஆனால் அவள் கை சூடாக இருந்தது. இமை கொட்டியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, எதையோ சொல்ல வாய் திறந்தாள்.

"ஏங்க" என்ற குரல் கீழே ஷெட்டிலிருந்து வந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. குழாயைக் காதில் செருகினான். திருகை இடப்பக்கம் திருப்பினான். மூச்சு குறுகியது. வலப்பக்கம் திருப்பினான். இன்னும் குறுகியது. எங்கே தொடங்கினோம்? ஒரு சுற்றா, ஒன்றரையா? எண்ணியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எண்ணித் தொலைத்திருக்கலாமே, பாவி. விசில் தேய்ந்தது. மேலே கட்டில் அதிர்ந்தது. உதைக்கிறாள். இடம். வலம். இடம். பின்னது வழிக்கு வரவில்லை.

பின்னது வழிக்கு வராவிட்டால் முன்னதை அதற்கு இணங்க வைப்பார்கள். கைக்குப் பழகிய வழி அது. அவன் யோசிக்கவில்லை, கை தானாகப் போய் முன் திருகைத் திருப்பியது.

கட்டில் சத்தம் அடங்கியது.

குழாயை முன்னதில் வைத்தான். பின்னதில் வைத்தான். முன்னது. பின்னது. இரண்டும் ஒன்று. இத்தனை நாள் தலைகீழாக நின்றும் வராத சமம், இம்மி பிசகாமல் வந்திருந்தது.

படியில் காலடி. அவள் இறங்கி வந்து கதவருகே நின்றாள். நெஞ்சு அசையவில்லை. உதடு மட்டும் பிரிந்தது.

"சரியாயிடுச்சாங்க?" என்று பின் கார்புரேட்டர் கேட்டது.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தான். மூச்சை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நெஞ்சு பலகையாகக் கிடந்தது. அவளைக் கூப்பிட வாய் திறந்தான்.

"சரியாயிடுச்சு" என்றது முன் கார்புரேட்டர், அவன் குரலில்.