முற்றுகைக் காசு

எல்லர்ஸ்லியில், காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் சாந்தகுமாரியின் அலுவலகத்தில் மகேசன் தேநீரைத் தொடாமல் இருந்தார்.

"காசைக் காணேல்லை, அக்கா. வெள்ளிக்கிழமை வாங்குறவர் வாறார்."

அது சதுரமான பொன்காசு; வெறும் பொன்னைவிடப் பல மடங்கு விலைபோகும். 1529இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, படைக்குச் சம்பளம் கொடுக்கத் தேவாலயப் பொன்னை உருக்கி அடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொழும்பில், மனைவி ரதிதேவியின் தாலிக்கொடியை விற்று அவர் அதை வாங்கினார். நாட்டை விட்டு வரும் வழியில் கொடியைப் பறிப்பார்கள். காசை மறைத்துக் கொண்டுவரலாம். இங்கே வந்ததும் திருப்பிச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். பிறகு அதை விற்க மனம் வரவில்லை.

"இப்ப ஏன் விக்கிறீங்கள்?"

"மகன் பிரணவனைக் கொழும்பில பிடிச்சு அடைச்சு வைச்சிட்டு இப்பதான் விட்டவங்கள். திரும்பப் பிடிக்க முந்தி நாட்டை விட்டு வெளியில எடுக்கவேணும். ரதிக்குச் சொல்லேல்லை. தாங்கமாட்டா."

மகேசன் வீட்டுக்குக் காரில் போகும்போதே, உதவியாளராக இருந்த மலேசிய மாணவி யுவனேஸ்வரி முடிவுக்கு வந்துவிட்டாள். "அவங்க வீட்டு ரூம்ல வாடகைக்கு இருக்கிற சஞ்சீவன்தான், ஆன்டி. ராத்திரியெல்லாம் டாக்ஸி ஓட்டுறாரு."

"காரை நிப்பாட்டவாவது விடும், பிள்ளை."

பிப்ரவரி அங்கே கோடை; வெயிலில் வீடு தகித்தது. ரதிதேவி கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு தேநீர் ஊற்றினாள். காசு இருந்த பெட்டியின் பூட்டு உடையவில்லை. சாவி சாமிப் படத்துக்குப் பின்னால் இருப்பது வீட்டிலிருந்த மூவருக்கும் தெரியும்.

"என்னைப் பார்க்காதேங்கோ," என்றான் சஞ்சீவன். "முதல் நாள் அதைக் காட்டேக்கை நான் பிஸ்கட் எண்டு நினைச்சன்."

"பொலிசுக்குப் போகாதேங்கோ," என்றாள் ரதிதேவி. "அது இனி ஒருத்தரிட்டையும் விலைப்படாது."

கொல்லையில் எலுமிச்சை மரத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"மரம் சாயாம கட்டியிருக்காங்க," என்றாள் யுவனேஸ்வரி.

மரம் நேராகவே நின்றது. கயிற்றின் பழைய முடிச்சு வியர்வையில் கறுத்திருந்ததைச் சாந்தகுமாரி தொட்டுப் பார்த்தாள்.

எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்ததும் அவள் மெதுவாகக் கதைத்தாள். "கொடி போன நாளிலயிருந்து ரதி மஞ்சள் கயிறுதான் கட்டியிருப்பா. புருசன் உயிரோடை இருக்க அதைக் கழற்றி மரத்தில கட்டினதெண்டால், கழுத்தில வேறை தாலி ஏறியிருக்கவேணும். இந்த வெக்கையிலும் கழுத்தை மூடியிருக்கிறா. களவெடுத்தவன் விக்கத்தான் பார்ப்பான். இனி விலைப்படாதெண்டு உருக்கக் குடுத்த ஆளுக்குத்தான் தெரியும்."

ரதிதேவி பொத்தானைக் கழற்றினாள். மெல்லிய சங்கிலியில் புதிய தாலி தொங்கியது.

"ஓம். வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார், சண்டைக்கு உருக்கின பொன் எண்டு. என்ரை கொடியும் சண்டையிலதான் போனது. அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எனக்காக விக்காதவர், இப்ப ஆருக்காக விக்கிறார்?"

தன் கணிப்பு பிழையாக இருந்திருக்கக்கூடாதா என்று சாந்தகுமாரி முதன்முறையாக நினைத்தாள். இந்த விடையை அவள் சொல்ல முடியாது. மகேசனைப் பார்த்தாள்.

"பிரணவனுக்கு," என்றார் அவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

ரதிதேவி அழவில்லை. கேட்டு முடித்ததும் சங்கிலியைக் கழற்றினாள். பெட்டியைத் திறந்து, காசு இருந்த சதுரக் குழியில் தாலியை வைத்தாள். குழி நிறையவில்லை. நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.