பேரனுக்கு ஒரு போர்வை

மடித்து அலமாரியில் வைத்த போர்வை, தொட்டிலுக்கு மேலே சுவரில் விரிந்து ஒட்டியிருந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை.

"இதை யாரும்மா இங்கே மாட்டினது?" என்றார் தோல் வியாபாரி.

"நீங்கதான் மாட்டியிருப்பீங்க. ஊரையே வித்துட்டு வருவீங்க, வச்ச பொருள் மட்டும் ஞாபகம் இருக்காது." மகள் செருப்பை மாட்டினாள். "மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பேரனைப் பார்த்துக்கோங்கப்பா. அவன்கிட்டயும் பேரம் பேசி அழ வைக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

போர்வையைச் சுவரிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, ஈர இலை வாசனைக்கு அடியில் லேசாகப் பால் வாசனையும் வந்தது. சரக்கிலேயே முதல் தரம் என்று பேரனுக்காக ஒதுக்கிய தோல் அது. கழுத்திலிருந்து விரல்நுனி, வால்நுனி வரை ஒரே விரிப்பாக நீண்டு, இருட்டில் மரத்துக்கு மரம் மிதந்துபோகும் காட்டுப் பிராணியின் தோல். வேட்டைக்காரன் உயிரோடு கொண்டுவந்தபோது, அது தன் தோலையே பையாக மடித்து உள்ளே குட்டியை வைத்திருந்தது.

"குட்டியையும் சேர்த்து எடை போடுறியே, நான் என்ன இளிச்சவாயனா?" என்று குட்டியைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"பாவம் முதலாளி, உயிர் இருக்கு," என்றான் வேட்டைக்காரன்.

"உள்ளங்கை அகலம்கூடத் தேறாது. உயிரை வச்சு நான் என்ன பை தைக்கவா?"

கூடை அன்று மாலை முழுக்கக் கீச்சிட்டது. தாயின் பெரிய கண்கள் கூடையை விட்டு நகரவில்லை. உரித்த பிறகும் நகரவில்லை. அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போது போர்வையை மறுபடி அலமாரிக்குள் திணித்துப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்தார்.

கரண்ட் போனது.

அலமாரிக்குள் பிறாண்டல். மெதுவாக, அவசரமே இல்லாமல், பலகையின் ஒவ்வொரு இடுக்காகத் தேடும் பிறாண்டல். நின்றது. பிறகு சுவரில். பிறகு விட்டத்தில். முகத்தில் காற்று வீசியது. உரோமம் உரசியது.

"வேண்டாம்," என்றார். இருட்டில் தொட்டிலைத் துழாவினார். "என்னை எடுத்துக்கோ."

பேரம் படியவில்லை.

கரண்ட் வந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தொட்டில்.

ஜன்னலுக்கு ஓடினார். தெருவில் மகள் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"பையன் தூங்கிட்டானாப்பா?"

அவள் தலைக்கு மேலே, தெருவிளக்கு வெளிச்சத்தில், மரத்தோடு மரமாகப் போர்வை ஊர்ந்து ஏறியது. நடுவில் ஒரு புடைப்பு. மடிப்புக்கு வெளியே ஒரு சின்னக் குதிகால்.

அழுகையே இல்லை. சப்பிச் சப்பிப் பால் குடிக்கும் சத்தம் மட்டும், மேலே, இன்னும் மேலே.