பதில் சொல்லாத பூச்சு

வால்பாறைச் சாலையில் இறங்குவதற்கு முன் எல்லோரும் வளைவுக் கம்பத்தின் அருகே ஒரு கணம் நிற்பார்கள். விளக்கு பச்சையாக எரிந்தால் போகலாம். மஞ்சள் என்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

லாரிகளில் ஓட்டுநர்கள் இல்லாமல் போய் வெகுகாலமாகிவிட்டது. மலையின் மூடுபனியில் கேமராக்கள் தடுமாறியதால், லாரி அனுப்பும் அலைக்குப் பதில் தரும் பூச்சு ஒன்று வந்தது. பதில்பூச்சு அடித்த பொருள்தான் லாரிக்குத் தெரியும். வண்டியின் பூச்சு பதில் சொல்கிறதா என்று வளைவுக் கம்பம் கிட்டத்திலிருந்து சோதித்துப் பார்க்கும். நடப்பவர்களுக்குச் சாலையில் அனுமதி இல்லை. பஸ்ஸும் நின்றுபோயிருந்தது.

எஸ்தர் கீழ் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் உதவியாளர். அவளுடைய பழைய சைக்கிளின் சட்டம் முறிந்ததும், பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கும் கணவன் ஜெபமணி பொள்ளாச்சி போய் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கி வந்தான். வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துத் துடைக்கும்போதுதான் பார்த்தான். சட்டத்தின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். பதில்பூச்சு உரிந்து உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது.

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அந்தப் பூச்சை கம்பெனி நிறுத்திட்டாங்க தம்பி. புதுப் பூச்சு பழைய வண்டியில ஒட்டாது. சாதா பெயின்ட் அடிச்சுக்கோ, துருப் பிடிக்காது."

"லாரிக்குத் தெரியுமா?"

"மிச்சம் இருக்குற பூச்சு கிட்ட இருந்தா பதில் சொல்லும். தூரத்துல, மழையில... அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

கீறலின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, மெல்லிய தூரிகையால் சட்டத்தின் நிறத்திலேயே பச்சை பெயின்டைப் பூசினான் ஜெபமணி. காய்ந்ததும் இன்னொரு தடவை பூசினான். எஸ்தர் விரலால் தடவிப் பார்த்தாள். கீறல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

மறுநாள் கம்பத்தில் பச்சை எரிந்தது. "பாத்தீங்களா, நம்மள பாத்துருச்சு" என்று கூட வந்த ஜெபமணியிடம் சிரித்தாள்.

"மழை வந்தா போகாத எஸ்தரு."

"மழைன்னா நோயாளி வராம இருப்பாங்களா? நாலு நாள் லீவு போட்டா வேற ஆள வச்சுருவாங்க."

அவன் சம்பளத்தில் மட்டும் வீடு நடக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில், வேலை முடிந்து கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. ஜெபமணி தேயிலைச் செடிகளுக்குள் நடந்தே இறங்கினான். பக்கத்து வீட்டு பிலோமினாவும் கூட வந்தாள். நீர்வீழ்ச்சி வளைவில் எஸ்தர் கிடந்தாள். முதல் லாரிக்குப் பிறகு வந்தவையும் வேகம் குறைக்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பிலோமினா தன் சேலை முந்தானையால் மூடினாள். பைக் மட்டும் தேயிலைச் செடிகளின் மேல் போய் விழுந்திருந்தது. அதில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

லாரிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினாள்.

"எங்க வண்டி எதுவும் யாரையும் இடிக்கலைங்க. அந்த நேரத்துல ரோடு காலியா இருந்துச்சுன்னுதான் லாரிப் பதிவுல வருது."

"என் பொண்டாட்டி அங்கதானம்மா கிடந்தா."

"புரியுதுங்க." அவள் தரையைப் பார்த்தாள். "ஆனா ரோடு காலிங்க."

வழக்கு போடவும் வழியில்லை என்றார்கள். விபத்து நடந்தால்தானே வழக்கு.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து பிலோமினா வந்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. ஆஸ்பத்திரியில எஸ்தர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"போறதுக்கு வண்டி?"

அவள் கண் எஸ்தரின் பைக் நின்ற பின்பக்கம் போனது. அவன் புரிந்துகொண்டான்.

"பைத்தியமா உனக்கு? நீயுந்தான வந்து பாத்த!"

"பாத்தேன். முந்தானையில மூடுனது நான்தான். வேற என்ன செய்யச் சொல்றீங்க? செடிக்குள்ள நடந்தா மத்தியானம் ஆயிரும். ரெண்டு பிள்ளைங்கண்ணே."

ஜெபமணி கத்தினான். பிறகு அழுதான். பிலோமினா போகவில்லை. அவன் ஓய்ந்து அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

கடைசியில் அவன் எழுந்து பின்பக்கம் போனான். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் உயரத்துக்கு இருக்கையை இறக்கி, போல்ட்டை முறுக்கினான்.

"பிரேக் நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அடிப்பக்கத்துக் கீறலைப் பற்றி அவனும் சொல்லவில்லை.