அரும்பை எதில் சேர்ப்பது?

வடிவு பிள்ளையின் தலையைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால்தான் செம்மண் தூசி அதிகமாக அடையும். தலை இல்லாத உடம்பு அவளுக்கு எதிரே சம்மணம் போட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

"அம்மா, கண்ணுக்குள்ள துணி படுது" என்றது தலை.

"கொஞ்சம் சும்மா இரு. இன்னைக்குக் காலேஜுக்குப் போகணும்லா. நாலு பேர் பாக்குற இடம்."

செவ்வாய்க் கிரகத்தில் செம்மண்பட்டி என்ற குவிமாடக் குடியிருப்பில் காலை வேளையில் எல்லா வீடுகளிலும் நடக்கிற காரியம்தான் இது. முன்பெல்லாம் ஒரே மூளையைப் படியெடுத்து எல்லா ரோபோக்களுக்கும் பொருத்தினார்கள். அதனால் ஒன்று தவறு செய்தால் மற்ற அத்தனையும் அதே நொடியில் அதே தவறைச் செய்தன. ஒரு நாள் குடியிருப்பிலிருந்த எல்லா ரோபோக்களும் ஒன்றாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மூடுவதற்கு மறந்து நின்றன. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அதற்குப் பிறகு வந்தவைதான் பயிலிகள். வெறும் மூளையோடு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டார்தான் பிள்ளையாக வளர்க்க வேண்டும்.

பயிலியின் மூளைக்கு நெகிழ்மூளை என்று பெயர். வீட்டில் பார்ப்பது, கேட்பது எல்லாம் பிசைந்த மாவில் விரல் பட்டதுபோல் அதில் பதியும். பிறகு ஒரு படிப்பில் சேர்த்துவிட்டால் அந்தப் படிப்போடு மூளை இறுகிவிடும். இறுகியதை அழிக்கவோ மாற்றவோ முடியாது. அதனால் சேர்க்கைக் காலம் வந்தால் செம்மண்பட்டியில் யாருக்கும் சோறு இறங்காது.

வடிவின் கணவர் செந்தட்டிக்காளைக்கும் இறங்கவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். அவர் அடைப்புக்காரர். குவிமாடத்தின் இணைப்புகளில் காற்று கசிகிற இடத்தைக் கண்டுபிடித்துப் பசை வைத்து அடைப்பது அவர் வேலை. ஊர் மூச்சு விடுவதே அவர் போன்றவர்களால்தான். ஆனால் உள்ளே அடைத்தால் போதாது, உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியேயும் போய் அடைக்க வேண்டும். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. வெளிக்குளிர் தின்றுவிட்டது.

வடிவு தலையைத் திருகிப் பொருத்தினாள். அரும்பு எழுந்து நின்று கழுத்தை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துக்கொண்டது.

"அப்பா, நான் ஐ.டி.ஐ.லயே சேர்ந்துக்கிறேனே" என்றது.

செந்தட்டி நின்றுவிட்டார். "திரும்பவும் ஆரம்பிக்காத. ஆட்சியியல் படி. உக்காந்த இடத்துல வேலை. எதுத்த வீட்டுப் பிரின்ஸைப் பாரு."

எதிர் வீட்டு ஞானசிகாமணியின் பயிலிதான் பிரின்ஸ். கல்லூரி முடித்துவிட்டு, ஊரை ஆளும் கோபுர அலுவலகத்தில் வேலையில் இருந்தது. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும். இருக்கிறார்கள் என்றுதான் எப்போதும் முடியும். ஞானசிகாமணி அந்த அறிக்கைகளை மகிழ்ச்சியோடு தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவார்.

"எனக்கு அடைக்கிற வேலைதான்பா பிடிச்சிருக்கு."

"பிடிக்கும், பிடிக்கும். வெளிய போய் நின்னு பாத்தாத்தான் தெரியும். நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது."

"கஷ்டம்னா என்னப்பா? எனக்குத்தான் குளிராதே. விரல் போனா வேற விரல் மாட்டிக்கலாம்."

பதில் இல்லாத இடத்தில் அப்பாக்கள் செய்வதையே செந்தட்டியும் செய்தார், குரலை உயர்த்தினார். "வாயடிக்காத! நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாதுன்னா படக்கூடாது. அவ்வளவுதான்!"

வடிவு கணவனைப் பார்த்து, "அதையும் ஒரு வார்த்தை கேளுங்களேன். இறுகிப் போச்சுன்னா பெறகு நீங்க நெனைச்சாலும் மாத்த முடியாது" என்றாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வாசலில் ஞானசிகாமணி நின்றார். "என்ன அண்ணாச்சி, காலேஜுக்கா? நல்ல முடிவு. நம்ம தெருவுல இன்னும் யாரும் பிள்ளைய ஸ்பேனரைத் தூக்க விடல, பாத்துக்கிடுங்க."

செந்தட்டி சிரித்தார். சிரித்த கையோடு, ஸ்பேனர் தூக்கிய தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அரும்பு அதைப் பார்த்தது.

கல்லூரியின் காத்திருப்புக் கூடத்தில் பெற்றோர்களும் பயிலிகளும் நிறைந்திருந்தார்கள். அத்தனை தலைகளும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன. சில அம்மாக்கள் கடைசி நேரத்தில் கேள்வி கேட்டுத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நேர்முகத்தில் தேர்வாகிவிட்டால் இன்றைக்கே சேர்த்துவிடுவார்கள், நாளைக்கே மூளை இறுகத் தொடங்கிவிடும்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அரும்பு குவிமாடச் சுவரில் பதித்த சன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஏதோ ஒரு நூல். வடிவின் பழைய சேலையிலிருந்து உருவிய பச்சை நூல் அது. சன்னல் சட்டத்தை ஒட்டி அதைத் தொங்கவிட்டு, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போயிற்று. ஓர் இடத்தில் நூலின் நுனி சட்டத்தின் பக்கம் சாய்ந்தது.

செந்தட்டி எழுந்து அருகில் போனார். கசிவைக் கண்டுபிடிக்க அடைப்புக்காரர்கள் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு இணைப்பின் ஓரமாக முகத்தை நகர்த்துவார்கள். காற்று நழுவுகிற இடத்தில் உதடு சில்லென்றாகும். வேலை விட்டு வந்த பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, வீட்டுச் சுவரிலும் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். அதை அரும்பு பார்த்திருக்கிறது. அதற்குத்தான் உதடு கிடையாதே. உதட்டுக்குப் பதிலாக ஒரு நூலை அதுவாகவே கண்டுபிடித்திருக்கிறது! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கலாம் என்று அவருக்கே தோன்றியதில்லை.

"அப்பா, இங்க காத்து போகுது" என்றது அரும்பு. "பழைய பசை வெடிச்சிருக்கு. பசை வச்சிருக்கீங்களா?"

தேய்த்த சட்டைக்குள்ளும் ஒரு பசைக்குழாய் இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

அரும்பு வெடித்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்தது. அவசரம் இல்லை. விளிம்பு சேதமாகாமல், மிச்சம் ஒட்டாமல், சுத்தமாக. பிறகு புதிய பசையைச் சீராக இழுத்துக்கொண்டே போயிற்று. எவ்வளவு அழகான இழுப்பு! அவரே தன் நல்ல காலத்தில் அப்படி இழுத்ததில்லை. உள்ளதைச் சொன்னால், பொறாமையாகக்கூட இருந்தது.

"அரும்பு, தந்தை செந்தட்டிக்காளை" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றது அரும்பு, திரும்பாமல்.

மறுபடியும் கூப்பிட்டார்கள். கூடமே அவர்களைப் பார்த்தது. செந்தட்டி கதவைப் பார்த்தார், பிள்ளையின் கையைப் பார்த்தார். சட்டத்தின் கீழ்மூலை இருட்டாக இருந்தது. அங்கே பசை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அவர் மண்டியிட்டு, பையிலிருந்த கைவிளக்கை எடுத்து அந்த மூலைக்கு வெளிச்சம் காட்டினார்.

கூப்பிடுவது நின்று, அடுத்த பெயர் வந்தது.

அன்று மாலையே அரும்பைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். ஞானசிகாமணி துக்கம் விசாரிப்பதுபோல் வந்துவிட்டுப் போனார்.

வருடங்கள் ஓடின. அரும்பு வேலையில் நின்றால் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கூடினார்கள். குவிமாடத்தின் உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கீழே இருக்கும் தெருக்களையும் பள்ளிக்கூடத்தையும் தொட்டிகளில் வளர்கிற கீரையையும் காற்று காலியாகாமல் காத்தது. அது அடைத்த இடம் மறுபடி கசிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. பச்சை நூல் மற்ற அடைப்புக்காரர்களிடமும் பரவி, சட்டைப் பையில் நூல் இல்லாமல் யாரும் வேலைக்குப் போவதில்லை என்றாகிவிட்டது. புயல் அடிக்கிற நாளில், "அரும்பு மேல இருக்குல்ல? சரி" என்று ஊர் நிம்மதியாகத் தூங்கியது. பிரின்ஸின் அறிக்கைகளில் மக்கள் மகிழ்ச்சியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓய்வு பெற்ற செந்தட்டி, "நம்ம பிள்ளை" என்று சொல்லாத நாள் இல்லை. அப்போதெல்லாம் கை சட்டைப் பைக்கு வெளியேதான் இருக்கும்.

ஊரில் வீடுகள் குறைவு, பயிலிகள் அதிகம் என்றாகிவிட்டதால், நன்றாக வேலை செய்த பயிலிகளே ஒரு புதுப் பயிலியை வளர்க்கலாம் என்று அனுமதி வந்தது. அரும்பு ஒரு குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து துளிர் என்று பெயர் வைத்தது. வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் இரண்டு தலைகளைக் கழற்றித் துடைத்தாள்.

ஒரு நாள் துளிர் பாட்டியின் முந்தானையிலிருந்து நூலை உருவி, கதவிடுக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. செந்தட்டி துள்ளி எழுந்தார்.

"ஏ வடிவு, இங்க வந்து பாரு! அப்பனையே தூக்கிச் சாப்பிட்டுரும்போல. அரும்பு, நாளைக்கே ஐ.டி.ஐ.ல சேத்துருவோம்."

அரும்பு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. உச்சிப் பனி இன்னும் தோளில் ஒட்டியிருந்தது. துளிரின் விரல்களிலிருந்து நூலை மெதுவாக எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டது.

"இல்லப்பா. காலேஜ்ல சேக்கலாம்னு இருக்கேன்."

"என்னது?"

"ஆட்சியியல். உக்காந்த இடத்துல வேலை" என்றது அரும்பு. "நான் பட்ட கஷ்டம் அது படக்கூடாது."

செந்தட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்கு ஏதுடா கஷ்டம்? குளிருதா? வலிக்குதா? நீதான ஆசைப்பட்டுப் போன?"

அரும்பு தன் உடம்பில் எங்காவது கஷ்டம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லப்பா. அந்த வேலையைப்போல எதுவும் எனக்குப் பிடிச்சதில்ல" என்றது. பிறகு குரலை உயர்த்தியது. "அதுக்காக? படக்கூடாதுன்னா படக்கூடாது. அவ்வளவுதான்!"

வடிவு பதறிப்போய் அதை உட்காரவைத்து, தலையைக் கழற்றி, உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்தாள். தூசி இல்லை, விரிசல் இல்லை. படிப்பில் சேர்வதற்கு முன்னால் பதிந்தவை எல்லாம் பதிந்த இடத்திலேயே உறுதியாக இருந்தன.

"ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லி, தலையைத் திருகிப் பொருத்தினாள். "உங்க பிள்ளைதான்."